இடதுகால் மருந்து, வலதுகால் மருந்து

“உம்மட இடத்துச் சனத்துக்கு என்ன வருத்தம் கூட வாறது?” என்று பேராசிரியை கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

“சேத்துப்புண், மெடம்” என்றேன்.

ஆய்வுகூடத்தில் என்னோடு இருந்த இரண்டு மாணவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் தன் ஆய்வுக்குப் புற்றுநோய் மருந்தை எடுத்திருந்தார். மற்றவர் இன்சுலின். அவற்றுக்குப் பக்கத்தில் கால்விரல் இடுக்குப் புண் கொஞ்சம் கேலியாகத்தான் கேட்டிருக்கும். பேராசிரியை சிரிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மருந்து தயாரிக்கும் முறைகளை நெடுங்காலமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தார். கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அது எப்படி வரும், எங்கே தொடங்கும், வந்தால் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. லிந்துலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். என் அம்மாவும் சித்தியும் கொழுந்து பறித்தவர்கள். தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் பகல் முழுக்க ஈரப் புல்லிலும் மழைநீர் ஓடும் கானிலும் நின்றுதான் பறிக்க வேண்டும். விரல் இடுக்குத் தோல் ஊறி வெளுத்து வெடிக்கும். பங்கசு, அதாவது பூஞ்சணம், அதற்குள் போய்க் குடியேறிவிடும். முதலில் அரிப்பு, பிறகு எரிச்சல், பிறகு கால் ஊன்ற முடியாத வலி. தோட்டத்து மருந்துக் காம்பராவில் களிம்பு கொடுப்பார்கள், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் பூசிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினால், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் புல்லில் இருக்கும் தண்ணீர் அதைக் கழுவிவிடும். ஒரு நாளைக்கு மூன்று தடவை பூசச் சொல்லிக் குழாயில் எழுதியிருக்கும். கூடையோடு சரிவில் நிற்கிறவள் மத்தியானம் எங்கே உட்கார்ந்து காலைத் துடைத்துக் களிம்பு பூசுவாள்?

“அப்ப உமக்கு வேண்டியது புது மருந்தில்லை. தோலுக்குள்ள போய் இருந்துகொள்ளுற மருந்து” என்றார் பேராசிரியை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம் அது. போர் நிறுத்தம் வந்திருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து கருவிகளும் இரசாயனங்களும் வரத் தொடங்கியிருந்தன. வந்தவற்றுள் நியோசோம் என்னும் நுண்பைகளைச் செய்யத் தேவையான பொருள்களும் இருந்தன.

நுண்பையைப் பற்றி என் சித்திக்கு நான் சொன்ன மாதிரியே இங்கும் சொல்லிவிடுகிறேன். சவர்க்காரத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. சவர்க்கார வகையைச் சேர்ந்த, தோலை எரிக்காத சில பொருள்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துச் சரியான சூட்டில் தண்ணீரில் விட்டால் வாலும் வாலும் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே நிற்க, இரண்டு வரிசையாகக் கைகோத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். உள்ளே கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் இரட்டைச் சுவர். கண்ணுக்குத் தெரியாத பை. பங்கசு மருந்துக்கும் தண்ணீர் ஆகாது என்பதால் அது அந்தச் சுவருக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். பைகள் தோலின் மேல்படைக்குள் தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஒரு நாளைக்கு ஒரு தடவை பூசினாலும் போதும் என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பு.

எழுத்தில் சுலபமாக இருக்கிறது. செய்யும்போது அப்படி இல்லை. சவர்க்காரப் பொருளையும் கொலஸ்ட்ரோலையும் மருந்தையும் குளோரோபோமில் கரைத்து, உருண்டைக் குடுவையில் ஊற்றி, வெந்நீர்த் தொட்டிக்கு மேலே சுழலவிட்டுக் குளோரோபோமை ஆவியாக்க வேண்டும். குடுவையின் உட்சுவரில் மூச்சுப் படிந்த கண்ணாடி மாதிரி மெல்லிய படலம் மிஞ்சும். அதன்மேல் சூடான நீரை ஊற்றிச் சுழற்றினால் படலம் உரிந்து பைகளாக வேண்டும். எனக்கு உரியவில்லை. கட்டி கட்டியாக, திரிந்த பால் போல மிதந்தது. விகிதத்தை மாற்றினேன், கட்டி. வேறு சவர்க்காரப் பொருளை எடுத்தேன், கட்டி. கடைசியில் பிழை பொருளில் இல்லை என்று கண்டேன். நீரைச் சரியாகத்தான் சூடாக்கியிருந்தேன், ஊற்றும் நேரத்தில் குடுவையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுவேன். மழைக்கால ஆய்வுகூடத்தில் கண்ணாடி நொடியில் குளிர்ந்துவிடும். சுவரில் இருக்கும் மூலக்கூறுகள் நெகிழ்ந்து வளைய அந்தச் சூடு வேண்டும். குளிர்ந்தால் விறைத்துப்போகும்.

அடுத்த முறை குடுவையைத் தொட்டிக்குள்ளேயே வைத்து ஊற்றினேன். குடுவை முழுக்கப் பால் வெள்ளை, ஒரு கட்டி இல்லை. ஒரு சொட்டை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக, நடுங்கிக்கொண்டே ஆயிரக்கணக்கில் ஓடின. பேராசிரியையைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “வடிவாய் இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

அதன் பிறகு எனக்கு என் வேலையில் சந்தேகம் வரவில்லை. பைகளைக் களியில், அதாவது ஜெல்லில், கலந்து குழாய்களில் அடைத்தோம். தோலில் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தோம். எரிக்கிறதா என்று முதலில் எங்கள் கைகளிலேயே பூசிப் பார்த்தோம். அனுமதிகள் எல்லாம் கிடைத்து, நோயாளிகளிடம் போகலாம் என்ற நிலை வந்ததும், எங்கே போவது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சியை விட்டு இறங்கி, குழாய்ப் பெட்டியோடு பஸ் ஏறினேன். தோட்டத்துத் துரை மறுப்புச் சொல்லவில்லை. மருந்துக் காம்பராவுக்குப் பொறுப்பானவரைத் தோட்டத்தில் எல்லோரும் டொக்டர் ஐயா என்பார்கள். சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். சின்ன வயதில் எனக்கு ஊசி போட்டவரும் அவரே. புண்ணைப் பார்த்து மதிப்பிடும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளை என்பதால் அந்த மதிப்பீட்டில் நான் தலையிடவே கூடாது என்பது பேராசிரியையின் கட்டளை.

திட்டம் இதுதான். சேத்துப்புண் உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு நுண்பை மருந்து, பாதிப் பேருக்கு வழமையான களிம்பு. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் குழாயில். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டொக்டர் ஐயாவுக்கும் தெரியாது. பேராசிரியைக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு நாளும் இரவில் கால் கழுவித் துடைத்து ஒரே ஒரு தடவை பூச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் பெண்களைக் கூட்டி விளக்கினேன். என் சித்தியும் வந்திருந்தார். அம்மாவின் தங்கை, கொழுந்து பறிப்பதில் மலையில் முதலாவது ஆள், பேச்சிலும் அப்படியே. தோட்டத்தில் எந்த வேலை நிறுத்தம் என்றாலும் முன்வரிசையில் நிற்பார். அவர் சேர்ந்ததும் மற்றவர்களும் சேர்ந்தார்கள். நான் பெருமையோடு கண்டிக்குத் திரும்பினேன்.

சில வாரம் கழித்துப் போனபோது டொக்டர் ஐயாவின் முகம் சரியில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி அரைகுறையாக ஆறியிருக்கிறது, ஒருவருக்கும் கூடுதலாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை என்றார். மருந்து வேலை செய்யவில்லை என்றால்கூட இப்படிச் சீராக இருக்காதே என்று அவருக்குத் தோன்றியிருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நேரே சித்தி குடியிருக்கும் லயத்துக்குப் போனேன்.

சித்தி அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். நான் குழாயைக் காட்டச் சொன்னேன். அவர் எழுந்து சுவர்த் தட்டிலிருந்து ஒரு மார்ஜரின் டப்பாவை எடுத்துத் தந்தார். அதற்குள் பாதியளவு வெள்ளைக் களிம்பு. ஒரு கரண்டி சொருகியிருந்தது.

“என்னா சித்தி இது?”

“நீ குடுத்த மருந்துதான். எல்லாரோட குழாயையும் பிதுக்கி இதுல போட்டு நல்லா கலக்கி, ஆளுக்கு ஒரு கரண்டின்னு பங்கு வச்சுக்குறோம். முடிஞ்சா திரும்ப வாங்கிக்குவாங்க.”

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது குரல் உயர்ந்துவிட்டது. சித்தி ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“நீதான சொன்ன, பாதிப் பேருக்கு நல்ல மருந்து, பாதிப் பேருக்கு சும்மா மருந்துன்னு. ஒரே மலையில ஏறி எறங்குறோம். ஒரே கான்ல நிக்கிறோம். ஒருத்திக்கு நல்லது, பக்கத்து நெறையில நிக்கிறவளுக்கு சும்மாவா? அது எப்புடி சரியாவும் புள்ள? அதான் கலந்துட்டோம். இப்ப எல்லாருக்கும் பாதி நல்லது.”

நான் சும்மா மருந்து என்று சொல்லவே இல்லை. வழமையான மருந்து என்றுதான் சொன்னேன். ஆனால் அதைத் திருத்திச் சொல்லி என்ன பயன்? அவர் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். ரொட்டியும் சம்பலும் வைத்தார். கோபத்தோடு சாப்பிட உட்கார்ந்தவள், சாப்பிட்டு முடிப்பதற்குள் டப்பாவை நினைத்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். என் பல மாத உழைப்பு அதற்குள் மார்ஜரின் வாசத்தோடு கிடந்தது. சித்தியும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

மறுநாள் டவுனுக்கு இறங்கித் தொலைபேசிக் கடையிலிருந்து பேராசிரியைக்குப் பேசினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, இந்தத் தரவு இனி உதவாது என்றார். வேறு இடத்தில், ஆஸ்பத்திரி ஒன்றில், ஒருவரை ஒருவர் அறியாத நோயாளிகளிடம் செய்யலாம், அது சுலபம் என்றும் சொன்னார். நியாயமான யோசனைதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பவருக்குச் சாதாரணக் களிம்பே போதும். ஈரப் புல்லில் நிற்கிற காலுக்குத்தானே இது?

“இங்கேயே செய்யலாம் மெடம்” என்றேன். “ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கால் இருக்கு. ஒரு காலுக்கு இது, மத்தக் காலுக்கு அது. ரெண்டும் எல்லாருக்கும் கிடைக்கும். கலக்க வேண்டிய தேவையே இருக்காது.”

“இரண்டு காலிலயும் புண் இருக்கிறவையை மட்டும் எடுக்க வேணும்” என்றார் பேராசிரியை. “சரி. வாரும், எழுதுவம்.”

அப்படி ஒரு முறை மருத்துவ ஆய்வில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைப் பிறகு படித்தேன். இரண்டு கன்னம், இரண்டு முழங்கை என்று செய்திருக்கிறார்கள். அன்று தொலைபேசிக் கடையில் நின்றபோது எனக்கு அது தெரியாது. சித்தியின் நியாயத்துக்கும் எங்கள் விஞ்ஞானத்துக்கும் ஒரே சமயத்தில் இடம் வேண்டும் என்றுதான் யோசித்தேன். வழி கிடைத்தது.

திட்டத்தை மாற்றினால் அனுமதி மறுபடியும் கேட்க வேண்டும். அது வந்துசேர ஒரு பருவமே ஓடிவிட்டது. அந்தக் காலத்தில் புதிதாகக் குழாய்கள் அடைத்தேன். பழைய பைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிட்டனவா என்றும் சோதித்தேன். கொடுக்காமல் தோட்டத்து மருந்துக் காம்பராக் குளிரில் மிஞ்சியிருந்தவை ஆய்வுகூட அலமாரியில் இருந்தவற்றைவிட நன்றாக இருந்தன. குளிர்பெட்டி இல்லாத வீடுகளுக்கு இது நல்ல செய்தி.

அடுத்த மழைக்கு மறுபடி கோயில் முன்னால் கூட்டம். இந்த முறை பேச்சைச் சுருக்கிக்கொண்டேன். சிவப்பு நூல் கட்டிய குழாய் இடது காலுக்கு, வெள்ளை நூல் கட்டியது வலது காலுக்கு. ஒரு குழாயில் நுண்பை மருந்து இருக்கிறது, எதில் என்று நூல் கட்டிய பேராசிரியைக்குத்தான் தெரியும், எனக்கே தெரியாது, ஆளுக்கு ஆள் மாறியும் இருக்கும். முடிந்த பிறகு, நன்றாக ஆறாத காலுக்கு மற்ற மருந்தைக் கட்டாயம் தருவேன். இதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், இடது காலுக்கு நல்லது கிடைத்து வலது காலுக்குக் கிடைக்காவிட்டால் எப்படி நடப்பது என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சித்தி எழுந்து நின்றார்.

“ரெண்டு காலும் நம்ம காலுதான. ஒண்ணுக்கு ஒண்ணு சண்டை போடாது. நூல் மாறாம பூசுங்க. மாத்துனா நான் வருவேன்.”

பெண்கள் வரிசையில் வந்து குழாய்களை வாங்கிக்கொண்டார்கள்.

அந்த மழை பலத்த மழை. பூண்டுலோயாப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிய செய்தி வந்தது. தோட்டத்தில் ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை. நான் வாரக்கடைசியில் போவேன். பெண்கள் மருந்துக் காம்பராவின் பெஞ்சில் வரிசையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். டொக்டர் ஐயா குனிந்து விரல்களை விரித்து, வெடிப்பு, சிவப்பு, தோல் உரிதல் என்று ஒவ்வொன்றையும் சொல்ல, அவருடைய உதவியாளர் குறித்துக்கொள்வார். நான் அடுத்த அறையில் இருந்தபடி ஒவ்வொருவரின் விரல் இடுக்கிலிருந்தும் சுரண்டி எடுத்த தோல் துகளைக் கண்ணாடித் தட்டில் வைத்து, பங்கசு இன்னும் இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பேன்.

இரண்டாவது முறை பார்க்கும்போதே சில பெண்கள் ஒரு கால் தேவலை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. ஆனால் பெஞ்சில் அவர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பேசுவது காதில் விழாமல் போகுமா? ஒருத்திக்கு இடது, ஒருத்திக்கு வலது. இரண்டு காலும் ஒரே வேகத்தில் ஆறியிருந்தால்தான் நான் பயந்திருக்க வேண்டும்.

மழை விட்டதும் தரவு முழுவதையும் கொண்டுபோய்ப் பேராசிரியையின் மேசையில் வைத்தேன். அவர் எந்தக் காலுக்கு எது என்ற பட்டியலைத் திறந்து பக்கத்தில் வைத்து, தானே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலான பெண்களுக்கு நுண்பை மருந்து பூசிய கால் முந்தி ஆறியிருந்தது. பங்கசும் முந்திப் போயிருந்தது. எல்லோருக்கும் அல்ல. சிலருக்கு வித்தியாசமே இல்லை. என் சித்தி அந்தச் சிலரில் ஒருவர். அவருக்கு இரண்டு காலும் ஒன்றாகவே ஆறிவிட்டிருந்தன.

“எழுதும்” என்றார் பேராசிரியை. “வித்தியாசம் இல்லாத ஆக்களையும் சேர்த்து எழுதும்.”

நான் வாக்குக் கொடுத்தபடி இன்னொரு தொகுதி செய்தேன். பெட்டியோடு தோட்டத்துக்குப் போய், பின்தங்கிய கால்களுக்கு மருந்து கொடுத்தேன். சித்திக்கு விளக்க வேண்டியிருந்தது. தன் காலில் இரண்டு மருந்தும் சமமாக வேலை செய்ததை அவர் குறையாக நினைக்கவில்லை.

“ஏங்கிட்ட மட்டும் ரெண்டும் ஒழுங்கா நடந்துக்கிச்சு பாத்தியா” என்றார்.

கொழும்பில் நடந்த ஒரு மாநாட்டில் அந்த ஆய்வைப் பேசினேன். கேள்வி நேரத்தில் ஒரு மருத்துவர், கட்டுப்பாடான சூழலில் ஏன் செய்யவில்லை, மழையிலும் சேற்றிலும் செய்தால் மருந்தின் திறனை எப்படி நம்புவது என்று கேட்டார். மருந்து மழையிலும் சேற்றிலும்தான் பூசப்படப் போகிறது, அங்கே வேலை செய்யாவிட்டால் வேறெங்கே வேலை செய்தும் எங்களுக்குப் பயனில்லை என்றேன். அவர் தலையசைத்து உட்கார்ந்தார்.

அந்தக் களி கடைக்கு வரவில்லை. செய்ய எடுக்கும் உழைப்பு அதிகம், யாரும் அப்போது பொறுப்பேற்க முன்வரவில்லை. அதை நான் தோல்வியாக எண்ணியதில்லை. அந்த ஆய்வைக் கொண்டே எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இன்று என் மாணவர்கள் அதைவிடச் சுலபமான முறையில், குளோரோபோமே இல்லாமல், பைகள் செய்கிறார்கள்.

வேலை கிடைத்த செய்தியைச் சொல்லத் தோட்டத்துக்குப் போன மாலையில் சித்தியின் வாசலில் ஆறேழு பெண்கள் கூடிவிட்டார்கள். வாழ்த்தெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். கொழுந்துக் கறை ஏறிய விரல் நுனிகளில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. இன்னொருவர், பிள்ளைகளுக்குச் சொறி விடமாட்டேன் என்கிறது, பூசினால் எரிகிறது என்று அழுகிறார்கள் என்றார். கையா, பிள்ளைகளா, எது முதலில் என்று அவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. நான் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தி முடிவைச் சொன்னார்.

“பிள்ளைகளுக்கு மொதல்ல. கை கொஞ்சம் பொறுத்துக்கும்.”

சரி என்று சொல்லி, எரிகிற மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.